ஐந்தாம் பலகை

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் கயிற்றுக் கடைக்காரன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. நாலு பேர் முன்னால் நின்று பேச வராது. இதைப் பல முறை எழுதிக் கிழித்தேன். இந்த முறை கிழிக்கப் போவதில்லை.

ஓடிக்கொண்டிருக்கிறேன்.

யுத்தத்தின் மூன்றாவது வருஷம். ஆகஸ்ட் மாதம். தலைவர்களைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்த வாரம். சாயங்காலம் நாலரை மணி. கோயிலுக்குத் தெற்கே பெரிய தெருவில் ஜனம் ஓடுகிறது. என் தோளில் கிணற்றுக் கயிறு ஒரு சுருள். கொடுக்கப் போன வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பும் வழியில் ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டேன். யாரோ விட்டுப்போன செருப்பு காலில் தட்டியது. பின்னால் போலீஸ் விசில். அப்புறம் அந்தச் சத்தம். பட்டாசு மாதிரி இல்லை. காய்ந்த பனைமட்டையை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி. ஒன்று. சற்று இடைவெளி. இன்னொன்று.

"சுடுறாய்ங்க! சந்துக்குள்ள ஓடுங்க! சந்துக்குள்ள!"

கத்தியது யார் என்று தெரியாது. சந்துக்குள் திரும்பினேன். என் கடை அங்கேதான்.

கடை வாசலில் சிக்கந்தர் அண்ணன் நிற்கிறார். கையில் பலகை. என் கடைப் பலகை.

இந்த இடத்தில் சிலதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் புரியாது.

சிக்கந்தர் அண்ணன் பக்கத்துக் கடை. தகர வேலை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விளக்கு, புனல், அளவுக் குவளை எல்லாம் செய்வார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னை மாப்ள என்பார். நான் அண்ணே என்பேன். பதினாலு வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம். திருவாதவூரிலிருந்தும் ஒத்தக்கடையிலிருந்தும் விவசாயிகள் கயிறு வாங்க வருவார்கள். எனக்கு அவர்களோடு பேச்சுக் கொடுக்கக் கூச்சம். அவர் தகரத்தைத் தட்டிக்கொண்டே குரல் கொடுப்பார்.

"மாப்ள, கயிற விக்கிறியா, கயித்துக்குப் பின்னால ஒளியிறியா? மாட்டுக்காரரு அம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்காரு. வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லு. வாய் தேஞ்சு போகாது."

வந்தவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். வியாபாரம் நடக்கும்.

எங்கள் கடைகளுக்குக் கதவு இல்லை. நிரைப் பலகைதான். மேல் சட்டத்தில் பள்ளமாக ஒரு காடி, கீழே ஒரு காடி. பலகையை ஒவ்வொன்றாகச் செருகித் தள்ள வேண்டும். என் கடைக்குப் பதினொன்று. அவர் கடைக்கு ஒன்பது. தாரால் எண் போட்டிருக்கும். வரிசை மாறினால் பொருந்தாது. கடைசிப் பலகையை வெளியே நின்றுதான் செருக முடியும். அதன் குறுக்கே இரும்புப் பட்டையைப் போட்டு, வளையத்தில் முளை செருகிப் பூட்டுவோம்.

அவர் தொழுகைக்குப் போனால் இரண்டு கடையையும் நான் பார்ப்பேன். நான் சாப்பிடப் போனால் அவர் பார்ப்பார். திடீரென்று மழையோ கலவரமோ வந்தால், ஆள் இல்லாத கடையை முதலில் சாத்த வேண்டும். தன் கடையை அப்புறம். யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை. எங்கள் சந்தின் வழக்கம் அது.

அன்றைக்கு ஆள் இல்லாத கடை என்னுடையது.

நான் வந்தபோது பத்துப் பலகை போட்டு முடித்திருந்தார். அவர் கடை முழுதும் திறந்து கிடந்தது. பதினொன்றாவது பலகை அவர் கையில். அந்த ஒரு பலகை இடைவெளிக்குள் நான் புகுந்தேன். கயிற்றுச் சுருளோடு உள்ளே விழுந்தேன்.

"போடுங்கண்ணே! பலகையப் போடுங்க!"

"உள்ள இருக்கியே மாப்ள. வெளிய எப்புடி வருவ?"

"போடுங்கண்ணே!"

அவர் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு மூச்சு இருக்கும். அவரையும் உள்ளே இழுத்திருக்கலாம். இரண்டு பேருக்கு இடம் இருந்தது. ஒரு பலகை இடைவெளி திறந்து கிடந்திருக்கும், அவ்வளவுதான். அந்த இடைவெளிக்குத்தான் பயந்தேன். அல்லது நான் வெளியே வந்து அவர் கடையைச் சாத்தக் கை கொடுத்திருக்கலாம். ஒருவர் வெளியே நின்றாக வேண்டும். அது யார் என்ற பேச்சு வரவில்லை. வர நான் விடவில்லை.

பலகை விழுந்தது. இருட்டு. பட்டை விழும் சத்தம்.

"பயப்படாத. நா போட்டுட்டு வாரேன்" என்றார். கடையைச் சாத்திவிட்டு வருகிறேன் என்கிறார். பக்கத்தில் அவர் கடையின் பலகை சத்தம் தொடங்கியது.

நான் கயிற்றுக் குவியலுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். தேங்காய் நார் வாடை. சந்தில் ஓடும் கால்களின் சத்தம் குறைகிறது. அவருடைய முதல் பலகை. காடியில் இழுபடும் சத்தம், பிறகு ஒரு தட்டு. இரண்டாவது. அதற்கு எப்போதும் இரண்டு தட்டு வேண்டும். கரையான் அரித்த பலகை. மூன்றாவது. சந்து முனையில் பூட்ஸ் சத்தம். நாலாவது.

வெடி. மூன்று. இடைவெளி இல்லாமல்.

ஐந்தாவது பலகை தரையில் விழுந்தது. அது காடியில் இழுபடவில்லை. தரையில் விழுந்தது. வித்தியாசம் எனக்குத் தெரியும். பதினாலு வருஷம் கேட்டிருக்கிறேன்.

பூட்ஸ் சத்தம் சந்தைக் கடந்து போய்விட்டது. யாரும் என் கடையைத் தொடவில்லை. பலகையில் ஒரு தட்டுக்கூட விழவில்லை.

"மாப்ள."

கேட்டேன். பதில் சொல்லவில்லை.

"மாப்ள. தண்ணி."

மண்பானை என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. பானை நிறையத் தண்ணீர். நான் கையை வாயில் வைத்து மூடிக்கொண்டேன். வெளியே பட்டை போட்டிருக்கிறது, பூட்டியிருக்கிறது, என்னால் முடியாது என்று எனக்கு நானே சொன்னேன். பலகையை ஒரு முறைகூடத் தள்ளிப் பார்க்கவில்லை. மூன்றாவது முறை அவர் கூப்பிடவில்லை.

எதிரே வெற்றிலைக் கடை வைத்திருந்த பெரியசாமி மாடியில் ஒளிந்திருந்தார். வெளிச்சம் மங்கும்போது இறங்கி வந்தார். நான் உள்ளிருந்து அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கு மட்டும் எனக்குக் குரல் வந்தது.

அவர் என் கடைப் பட்டையை ஒரு விரலால் தூக்கினார்.

"முளையே செருகலயேப்பா. உள்ள இருந்து தள்ளியிருந்தாலே வந்திருக்குமே."

முளை கீழே வாசற்படி மேல் கிடந்தது. கை தவறி விழவில்லை. ஓரமாக, நேராக வைக்கப்பட்டிருந்தது. நான் வெளியே வர வேண்டும் என்று சிக்கந்தர் அண்ணன் அதைச் செருகாமல் விட்டிருக்கிறார். அந்த அவசரத்திலும் யோசித்திருக்கிறார்.

அவர் தன் கடைப் படியில் சாய்ந்து கிடந்தார். இடுப்பில் குண்டு. எனக்கும் அவருக்கும் நடுவே ஆறடிகூட இல்லை. நான் பானையிலிருந்து தண்ணீர் எடுத்துப் போய் வாயில் ஊற்றினேன். வழிந்து போயிற்று.

பெரியசாமி முளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் இருந்தவரை யாரிடமும் சொல்லவில்லை. அது அவர் எனக்குச் செய்த தயவு. அந்தத் தயவுக்குள்ளும் நான் ஒளிந்துகொண்டேன்.

ஊரடங்கு போட்டிருந்தார்கள். சந்து வழியாகவே நாலு பேர் சிக்கந்தர் அண்ணனைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி திரைக்குப் பின்னால் இருந்தார். அழுகை நின்ற ஒரு நேரத்தில் என்னிடம் கேட்டார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாகளாண்ணே?"

"தெரியலம்மா. நா உள்ள இருந்தேன். வெளிய பூட்டியிருந்துச்சு."

பிறகு சொன்னார்.

"ஒங்க மேல தப்பு இல்லண்ணே. பூட்டுன கடைக்குள்ள இருந்து நீங்க என்ன செய்வீக. நீங்களாச்சும் தப்பிச்சீகளே. அல்லா காப்பாத்துனான்."

அதன்பிறகு ஒவ்வொரு பெருநாளைக்கும் அந்த வீட்டிலிருந்து எனக்குச் சாப்பாடு வந்தது. ஐந்து வருஷம். தூக்குச்சட்டி சிக்கந்தர் அண்ணன் செய்தது. நான் சாப்பிட்டேன். ஒரு பெருநாளைக்கும் உண்மையைச் சொல்லவில்லை. போன வருஷம் அந்த அம்மா தன் தம்பி வீட்டோடு கீழக்கரைக்குப் போய்விட்டார்கள். இதைப் படிக்கத் தெரிந்த யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். பட்டையில் முளை இல்லை. அவர் இரண்டு முறை கூப்பிட்டார். தண்ணீர் கேட்டார். தண்ணீர் இருந்தது.

இப்போது சுதந்திரம் வந்துவிட்டது. அந்த வாரம் செத்தவர்களின் பெயர்களை மேடையில் படித்தார்கள். நான் கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டேன். சிக்கந்தர் அண்ணன் பெயர் இல்லை. விசாரித்தபோது, அவர் ஊர்வலத்தில் போனவர் இல்லையே என்றார்கள். உண்மைதான். அவர் ஊர்வலத்தில் போகவில்லை. கோஷம் போடவில்லை. கல் எறியவில்லை. பக்கத்துக் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். அதற்கு எந்தப் பட்டியலும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சந்தில் அன்று இழந்தது இவ்வளவு.

ஆள் ஒன்று. சிக்கந்தர். தகர வேலை. வயது நாற்பத்தொன்று. மனைவி உண்டு, பிள்ளை இல்லை.

மிதிபட்ட விளக்குகள் ஏழு. ஈயப் பற்றுவைத்து முடிக்காத புனல் ஒன்று. காணாமல் போன சுத்தியல் ஒன்று.

என் கடையில் இழப்பு ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஊரடங்கைத் தளர்த்தினார்கள். ஒன்பதுக்குள் அடக்கம் செய்தார்கள். நான் மையவாடி வாசல் வரை நடந்தேன். திரும்பி வந்து கடையைத் திறந்தேன். ஒத்தக்கடைக்காரர் ஒருவர் வந்தார். வாங்க என்றேன். இரண்டு மூக்கணாங்கயிறு வாங்கிப் போனார்.