கண் போன பக்கம்

ஹலோ... ஹலோ, அண்ணி? கேக்குதா? நான் நெட்டை பேசுறேன்... நெட்டை அண்ணி. அண்ணன் ரூம்ல கூட இருக்கிற பையன். பல்பு மாத்த ஏணி எதுக்கு, இவன் போதும்பாரே... ஆமா, ஆமா, அவனேதான். இருபத்திரண்டு வயசாகியும் துணி துவைக்கத் தெரியலன்னு போன்லயே திட்டுவீங்களே. கோர்ட்டு வாசல்லேருந்து பேசுறேன்.

இல்ல அண்ணி, அண்ணனை இன்னும் விடல... சாப்பிட்டாராம். வக்கீல் பார்த்துட்டு வந்தாரு... அழாதீங்க. நீங்க அழுதா எனக்குப் பேச வராது.

அதான்... மருந்துக் கடையில கல்லாப் பணத்தைத் திருடிட்டு, கடைக்காரம்மாவைத் தள்ளிவிட்டு ஓடினவன் நல்ல உயரமாம். அவங்களுக்குக் கை ஒடைஞ்சு போச்சு. அண்ணன் வேலை முடிஞ்சு, கையெல்லாம் பெயின்ட்டோட அந்தத் தெருவுல வந்தாரு, புடிச்சுட்டாங்க. வேற சாட்சியே கிடையாது. வரிசையில நிக்க வெச்சப்ப அந்தம்மா இவரைக் கை காட்டினது ஒண்ணுதான்.

எப்படின்னா... காட்டினாங்க... இல்ல, வக்கீல் சொல்லல... யாரும் சொல்லல அண்ணி. நான் பார்த்தேன்.

...அங்கதான் இருந்தேன். வரிசையில.

இல்ல இல்ல, என்னைப் புடிக்கல. கேளுங்க. சந்தேகப்பட்ட ஆளைத் தனியா நிறுத்த மாட்டாங்க. அதே உயரத்துல இருக்கிற வெளி ஆளுங்களையும் கூட நிறுத்துவாங்க. போலீஸ்காரர் பஸ் ஸ்டாப்புல உயரமா ஆள் தேடினாரு. என் தலைதான் எல்லார் தலைக்கும் மேல தெரியுமே. கொஞ்ச நேரம் வந்து நின்னுட்டுப் போடான்னாரு. யாருக்காகன்னு கேக்காமலே கூடப் போனேன். உள்ள போனா... அண்ணன் நிக்கிறாரு.

சொல்லியிருக்கலாம். ஆமா... கேட்டாங்க அண்ணி. இதுல யாரையாவது தெரியுமான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டாங்க. நான் தெரியாதுன்னுட்டேன்.

பயம்தான். என்னையும் சேர்த்து உள்ள தள்ளிடுவாங்கன்னு... அண்ணனும் என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கல. எனக்கு வம்பு வந்துடக் கூடாதுன்னு செவத்தையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அன்னைக்கு நான் போட்டிருந்ததே அவர் சட்டை அண்ணி.

இருங்க, இன்னும் முடிக்கல. அந்தம்மா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாங்க. யாருன்னு தெரியலங்கிற மாதிரி ஒதட்டைப் பிதுக்கினாங்க. அப்புறம் என் முன்னால வந்து நின்னாங்க. என் கண்ணு தானா அண்ணன் பக்கம் போயிடுச்சு. அந்தம்மா என் கண்ணைப் பார்த்தாங்க. அது போன பக்கம் பார்த்தாங்க. கையை நீட்டிட்டாங்க.

...அண்ணி?

...அண்ணி, திட்டிடுங்க.

ம்... ம்... ஆமா. சிக்னல் இல்லன்னு சொன்னது பொய். நீங்க கூப்பிடுறப்ப எல்லாம் போனைத் தலகாணிக்கு அடியில வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்.

...வந்துட்டேன் சார், ஒரு நிமிஷம்... வாசல்ல இருக்கிற காவலர் அண்ணி, கூப்பிடுறாரு. அண்ணனுக்குத் தெரிஞ்ச என்னை அந்த வரிசையில நிறுத்தினதே தப்புன்னு வக்கீல் சொன்னாரு. நான் ஜட்ஜ் முன்னால நடந்ததைச் சொல்லிட்டா அந்தம்மா அடையாளம் காட்டினது செல்லாமப் போகலாமாம்... தெரியும். பொய் சொன்னதுக்கு என்னைக் கேப்பாங்க. புடிச்சு உள்ள வெச்சாலும் வெப்பாங்க. காலையிலேருந்து இந்த வாசலுக்கு வர்றதும் திரும்பிப் போறதுமா இருக்கேன். உங்ககிட்ட சொல்லிட்டா அப்புறம் திரும்பிப் போக மூஞ்சி இருக்காது. அதுக்குத்தான் போன் பண்ணேன்.

சரி... சரி அண்ணி... இல்ல, ஓட மாட்டேன்.

போனை இங்க கொடுத்துட்டுத்தான் உள்ள போகணுமாம். ஒரே ஒரு உதவி பண்ணுங்க. சாயங்காலம் இந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பாருங்க. நான் எடுக்கலன்னா எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. திருடிட்டு உள்ள போகலன்னு மட்டும் சொல்லி நிறுத்திடாதீங்க. எதுக்குப் போனேன்னும் சொல்லிடுங்க.

...இந்தாங்க சார்.