வருஷம் முடியறதுக்குள்ள

முழுசாவா? இன்சூரன்ஸ்ல முழுசா குடுப்பாங்கன்னு யாருக்கா சொன்னது உங்ககிட்ட? ஏஜென்ட்டா? அவன் நல்லா சொல்லுவான். கையெழுத்து வாங்கற வரைக்கும் தேனா பேசுவான், அப்புறம் போன் பண்ணிப் பாருங்க, எடுக்கவே மாட்டான். சரி, உங்க வீட்டுக்காரரு ஏணியிலேந்து விழுந்தாரு, கால்ல கம்பி வெச்சிருக்காங்க, அதானே? இப்ப பில்லு வரும். அந்த பில்லுல மொதல்ல இவ்ளோன்னு ஒரு தொகை நம்ம கைக்காசு. அதுக்கு மேல போனாத்தான் இன்சூரன்ஸ்காரன் கண்ணையே தொறப்பான். அதுக்குப் பேருதான் டிடக்டபிள். பேரு மட்டும் எவ்ளோ பவுசா வெச்சிருக்கான் பாருங்க.

இல்லக்கா, ஆஸ்பத்திரி கட்டாது. ஏஜென்ட்டும் கட்ட மாட்டான். நம்மதான் கட்டியாகணும். பில்லைக் கொஞ்சம் ஏத்திப் போடச் சொல்லி அதுல சரிக்கட்டிக்கலாம்னு உங்க பையன் சொல்றானா? வேணவே வேணாம்னு சொல்லுங்க. மாட்டினா மொத்த கிளைமும் அம்பேல். அந்த மாதிரி புத்திசாலிங்கள நான் தினமும் பாக்கறேன். டைல்ஸ் கடையில பில்லு போடறவ நான்.

ஆனா ஒண்ணு. வருஷத்துக்கு ஒரு தடவ கட்டினா போதும். வீட்டுக்கே சேர்த்து எடுத்த பாலிசின்னா, சில பாலிசில யாரு பேர்ல பில்லு வந்தாலும் ஒரே கணக்குதான். ஒருத்தர் கட்டி முடிச்சிட்டா மத்தவங்கல்லாம் அந்த வருஷம் பூரா வரிசையா வந்து படுத்துக்கலாம். சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன். வருஷம் முடிஞ்சா மறுபடியும் மொதல்லேந்து.

எங்க வீட்டுலயா? எங்களுக்கு வருஷ ஆரம்பத்துலயே கட்டி முடிஞ்சாச்சு. அதுக்கப்புறம் பாக்கணுமே எங்காளுங்கள! கடையில ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மான்னு போர்டு மாட்டினா, பாத்ரூமே இல்லாதவன் கூட பாத்ரூம் டைல்ஸ் தூக்கிட்டுப் போவான். அந்த மாதிரிதான். மாமனாருக்கு ஹெர்னியா. எத்தனையோ வருஷமா அது பாட்டுக்கு இருந்துச்சு, அவரும் அவரு பாட்டுக்கு இருந்தாரு. திடீர்னு தாங்க முடியலன்னு ஒரே முனகல். மாமியாருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. சீரியல்ல யாரு எந்தப் புடவை கட்டியிருக்கான்னு கரெக்டா சொல்ற கண்ணுக்கா அது! அப்புறம் கொழுந்தன். அவனுக்கு மூக்கெலும்பு வளைஞ்சிருக்காம், குறட்டை வருதாம், கல்யாணத்துக்குள்ள சரி பண்ணியாகணுமாம். பொண்ணு யாருன்னே இன்னும் தெரியாது, அதுக்குள்ள அவ தூக்கத்து மேல அவ்ளோ அக்கறை தொரைக்கு.

எங்க வீட்டுக்காரரா? பாவம், அவருக்குத்தான் ஒண்ணுமே தேறல. தலையிலேந்து கால் வரைக்கும் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பாத்துட்டாரு. எல்லாம் நார்மல்னு வந்துருச்சு. அன்னிக்கு அவரு மூஞ்சியப் பாக்கணுமே, பரீட்சையில கோட்டை விட்ட மாதிரி.

ஒரு நாள் எல்லாரும் சாப்புட உக்காந்திருக்கோம். மாமனாரு தையல் போட்ட வயித்தைத் தடவிக்கிட்டே சொல்றாரு, இது நமக்கு யோகமான வருஷம்மான்னு. என் வீட்டுக்காரரு தலையக் குனிஞ்சு தின்னுக்கிட்டே இருந்தாரு. நான் தட்டை எடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

இதா? ஆமாக்கா, எட்டு மாசம் முடியப் போகுது. ரெண்டாவது. இல்லல்ல, பெரிய வயிறெல்லாம் இல்ல, நான் ஒல்லியா இருக்கேன்ல, அதனால அப்படித் தெரியுது. தேதி அடுத்த மாசக் கடைசிக்குக் குடுத்திருக்காங்க. அங்கதான் வந்துது வினை. எங்க பாலிசி வருஷம் இந்த மாசத்தோட முடியுது.

புரியலையா? உள்ள டாக்டர்கிட்ட யாரு பேசிட்டிருக்காங்கன்னு நெனைக்கறீங்க? என் வீட்டுக்காரரும் மாமியாரும்தான். மாமியா புதுக் கண்ணோட போயிருக்கு. எதுக்கா? புள்ளைய இந்த மாசமே எடுத்துருங்கன்னு கேக்கறதுக்கு. அடுத்த மாசம்னா மறுபடியும் டிடக்டபிள் கட்டணும் பாருங்க. அதை மிச்சம் பண்றாங்களாம், என் வயித்துல.

நானும் உங்கள மாதிரிதான், மொதல்ல வெளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனைச்சேன். மாமியா சொல்லுது, எப்படியும் கத்திதானே வெக்கப் போறாங்க, அதே டாக்டர், அதே கத்தி, கொஞ்சம் முன்னாடி வெச்சா என்ன, உள்ள இருக்கறது காலண்டரா பாத்துக்கிட்டிருக்குதுன்னு. போன தடவையும் எனக்கு ஆபரேஷன்தான், அதனால அப்படி. வீட்டுக்காரரு போனைத் தூக்கிக் காட்டறாரு, எட்டு மாசத்துல பொறந்து பெரிய ஆளா வந்தவங்க எத்தனை பேரு பாருன்னு. த்தூ. ஆம்பளையாம். அப்பனாம்.

இல்லாத கொடுமைன்னா கூட ஆறுதலா இருக்கும்க்கா. போன மாசம்தான் கொழுந்தனுக்குப் புது பைக்கு எடுத்தாங்க. பழசு சத்தம் போடுதாம். அந்தக் காசுல நான் ரெண்டு தடவ பெத்துக்கலாம்.

டாக்டரம்மா எப்படி ஒத்துப்பாங்க? அவங்க போன வாரமே சொல்லிட்டாங்க. புள்ளைக்கு நுரையீரல் கடைசியிலதான் முத்துமாம், காரணமில்லாம நான் தொட மாட்டேன்னுட்டாங்க. அதுக்குத்தான் இன்னிக்கு ஒரு காரணத்தைக் கண்டுபுடிச்சுக்கிட்டு வந்திருக்காங்க. எனக்குக் காலையிலேந்து தலை வெடிக்குதாம், கண்ணு இருட்டுதாம், நிக்க முடியலையாம். உள்ள எல்லாத்தையும் சொல்லி வெச்சிட்டு என்னைக் கூப்பிடுவாங்க. நான் போயி தலையைப் புடிச்சுக்கிட்டு உக்காரணும். வர்ற வழியில காருல மாமியா எனக்கு நடிச்சே காட்டுச்சு, கையை இப்படி நெத்தியில வெச்சுக்கோன்னு. அதுக்குக் கூச்ச நாச்சமே கெடையாதுக்கா. வீட்டுக்காரரு ரோட்டைப் பாத்து ஓட்டிக்கிட்டே வந்தாரு.

அட, தலைவலியெல்லாம் ஒண்ணும் இல்ல. இந்தா உதைக்கறா பாருங்க, நல்லா கிண்ணுன்னு இருக்கா. பொண்ணா பையனான்னு தெரியாது, நானா அவ இவன்னு சொல்லிக்கறேன்.

எங்கம்மா வீட்டுக்கா? போலாம், அவங்களும் வா வாங்கறாங்க. ஆனா நான் எதுக்குக்கா ஓடணும்? திருட்டுத்தனம் பண்றது அவங்க. வர்ற வருஷத்து டிடக்டபிளை நானே கட்டிக்கறேன்னு கடை மேனேஜர்கிட்ட அட்வான்ஸ் கேட்டு வெச்சிட்டேன். மாசா மாசம் சம்பளத்துல புடிச்சுப்பாங்க. இவங்க காசு ஒண்ணும் எனக்கு வேணாம். அதுவும் இவங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சா அதுக்கும் ஒரு ஆபரேஷன் கண்டுபுடிப்பாங்க.

இதோ, கதவு தொறக்குது. நர்ஸு கையக் காட்டுது, என்னைத்தான். இருங்கக்கா, எந்திரிக்கறேன். கொஞ்சம் கைய குடுங்க.

என்னது? வருஷ ஆரம்பத்துல உடம்புக்கு முடியாம இருந்தது யாருன்னா கேக்கறீங்க? என் மூத்த பொண்ணுதான். அவளும் நாளுக்கு முன்னாடியே வந்துட்டா. யாரும் எடுக்கச் சொல்லல, வலி தானா வந்து அவசரமா ஆபரேஷன் பண்ணாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க. மூச்சு விடத் தெரியல அவளுக்கு. ஓட்டை வழியா விரலை விட்டா மட்டும் கெட்டியாப் புடிச்சுப்பா. வீட்டுக்கு வரவே இல்லக்கா. அவளுக்குப் பேரு வெக்கறதுக்குள்ள போயிட்டா, பில்லுல கூட என் பேரைப் போட்டு, இன்னாரோட குழந்தைன்னுதான் இருந்துச்சு. அந்த பில்லுதான். மாமனாரு வயிறு, மாமியா கண்ணு, கொழுந்தன் மூக்கு எல்லாத்துக்கும் அவதான் கட்டிட்டுப் போனா.

நீங்க எதுக்கு அழறீங்க? விடுங்க. அந்தப் பையை மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க. உள்ள போயி எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டு வந்துடறேன்.