மூன்று மிதி

தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து, காலால் பிறந்தவளுக்கு எங்கள் ஊரில் ஓய்வு கிடைக்காது, சார். யாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டாலும் ஆஸ்பத்திரிக்கு முன்னால் என்னிடம்தான் வருவார்கள். குப்புறப் படுக்கவைத்து மூன்று தடவை மிதிப்பேன். மிதி என்பது பேருக்குத்தான். கால் பட்டும் படாமலும் இருக்கும்.

என் வீட்டுக்காரர் வெற்றிச்செல்வன் கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர். மீமிசலில் ஒருத்தி வீட்டில்தான் இருப்பார்; துணி துவைக்க என்னிடம் வருவார். கல் தூக்கும்போது முதுகுத்தண்டு ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியது. அவள் வண்டி பிடித்து என் வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். ஏழு மாதம் நான்தான் ஊட்டினேன், குளிப்பாட்டினேன். வலி வந்தால் "பரிமளா, பரிமளா" என்று என் பேரைத்தான் சொல்லுவார். இருபது வருஷத்தில் நான் வாழ்ந்தது அந்த ஏழு மாதம்தான்.

புதுக்கோட்டை டாக்டர் நல்லவர். சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, பிதுங்கினதை மட்டும் எடுத்துவிடுவார்களாம். மறுநாளே நடக்கலாமாம். "அதுவரைக்கும் மிதிக்கிறது, நீவுறதெல்லாம் வேணாம்மா. நரம்பு செத்துட்டா இடுப்புக்குக் கீழ ஒண்ணும் வராது" என்று ஸ்கேன் படத்தில் பேனாவால் இடத்தைக் காட்டினார்.

"அப்புறம் நடக்கவே முடியாதா சார்?" என்று இரண்டு தடவை கேட்டேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து, எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

ஆபரேஷனுக்குப் போகிற அன்று காலையில் அவருக்கு ஒரே சிரிப்பு. "நாளைக்கு நடந்துருவேன். நடந்தா நேரா மீமிசல்தான். நீ ஒன் கஞ்சியக் குடிச்சுக்கிட்டுக் கெட" என்றார். வாசலில் வேன் வந்து நின்றது. "வேன்ல குலுங்குமே, பேருக்கு மிதிச்சு விடுடி, காலாப் பொறந்தவளே."

அவராகத்தான் கேட்டார் சார். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தரையில் பாயில் குப்புறப் படுத்தார். நான் பக்கத்தில் இருந்த கட்டில்மேல் ஏறினேன்.

"எதுக்குடி மேல ஏறுற?"

"செவத்தப் பிடிச்சுக்கத்தாங்க."

பேனா காட்டிய இடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தேன். முதல் தடவையிலேயே அவர் கால்கள் துவண்டுவிட்டன. ஆனாலும் மூன்று தடவை என்பதுதான் முறை. மறுபடி ஏறினேன். அப்புறம் இன்னொரு தடவை.

டாக்டர் துளை போட்டுப் பிதுங்கினதை எடுத்துவிட்டார். கால் வரவில்லை, இனி வராதாம்.

சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் சார், அவருக்குச் சோறு ஊட்ட ஆளில்லை. நான் வராந்தாவில் நடந்து வந்தாலே அலறுகிறார் என்று நர்ஸம்மா சொன்னார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவருக்கு என் காலடிச் சத்தம் தெரிகிறது, பாருங்கள்.