பச்சைக் கயிறு

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கைப் பழக்கம். வலையில் நான் போடும் முடிச்சு, மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நிற்கும். தடவிப் பார்த்தே, "ரோஸ்மேரி கை வேலை" என்று ஊரில் சொல்லிவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் ஜோஷ்வா, ஏரிப்பக்கம் துறைமுகம் வரக்கூடாது என்று போராடியவர். தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். ஏரி நடுவே ஒரு தீவில், முள்காட்டுக்குள் ஒளிந்தார். சோறு கொண்டுபோனது நான் மட்டும்தான். ஓடும்போது சுட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. ஜெயிலில் சுவர் இருக்கிறது, வேளைக்குச் சோறு இருக்கிறது. தீவுக்குப் படகு திரும்ப வேண்டிய இடத்தில் நட்டிருந்த கழியில், அடையாளத்துக்கு ஒரு பச்சைக் கயிற்றைக் கட்டிவிட்டு, ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். போலீஸ் படகுக்கு வழிகாட்டிய அந்தக் கயிற்றைக் கட்டியது யார் என்று ஊர் ரொம்ப நாள் பேசியது.

ஆறு வருஷம் ஜெயில். வக்கீல் தினகரன் இரண்டு தடவை ஜாமீன் தாளோடு வந்தார். கையெழுத்துப் போட ஆள் கிடைக்கவில்லை என்று திருப்பி அனுப்பினேன். வெளியே வந்தால் மறுபடி கூட்டத்துக்குத்தானே போவார்? அவருடைய நைனா, மகன் பேரைச் சொல்லிக்கொண்டே கண்ணை மூடினார். வாயில் தண்ணீர் விட்டது நான்தான். ஆனால் அந்த ஆறு வருஷமும் என் புருஷன் எங்கே படுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கடலுக்குப் போகிறவர்களின் பெண்டாட்டிகளில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?

விடுதலையாகி வந்தவர், பழைய வலைகளைச் சேர்த்து, கரையில் சவுக்குக் கழி நட்டு, ஜெயிலில் தான் இருந்த அறையை அப்படியே கட்டினார். எட்டடி நீளம், ஆறடி அகலம்.

"இன்னா ஜோஷ்வா, இதுல எந்த மீன் மாட்டும்?" என்றார் பக்கத்து வீட்டுப் பெருமாள்.

"இது ஆள் மாட்டுன வலைண்ணே."

என்னிடம், "கதவு மட்டும் நீ கட்டிக் குடு ரோஸு" என்றார். சந்தோஷமாகக் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே பார்க்க வந்தது. கதவில், என் முடிச்சுகளுக்குப் பக்கத்தில், அந்தப் பச்சைக் கயிறு முடிச்சு அவிழாமல் தொங்கியது. போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்போது அவர்தான் அதைக் கழியின் தலைவழியே உருவியிருக்கிறார். ஜெயிலில் வாங்கி வைத்து, விடுதலையன்று திருப்பிக் கொடுத்த பையில் இருந்ததாம். பெருமாள் கதவைத் தடவினார். கயிற்றைத் தடவினார். என்னைப் பார்க்காமல் நடந்தார். அவர் பின்னாலேயே ஒவ்வொருவராக.

ஆமாம், காட்டிக்கொடுத்தது நான்தான். இன்றுவரை ஜோஷ்வா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறதாம், அந்த வலைக்குள்தான் படுக்கிறார். அவர் உள்ளே போனதும், காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, வெளியே நின்று கதவைக் கட்டுவது நான்தான்.