கண்ணை மூடிக் கை தூக்குகிறவர்கள்

– அதாவது அண்ணி, முதலாளிங்கிற சொல்லே ஒழிஞ்சுபோன முதல் சோப்புத் தொழிற்சாலை நம்மளோடது. வரலாறு இத மறக்காது.

– வரலாறு கெடக்கட்டும் தம்பி. ஏசியக் கொஞ்சம் குறை, கை விறைக்குது.

– அது பழைய முதலாளி போட்டது. குறைக்கத் தெரியல.

– நாற்காலியும் அவரோடதுதான். நல்லாத்தான் சுத்துது.

– கொள்கை ரீதியா இது நாற்காலியே இல்ல அண்ணி. பொதுச் சொத்து.

– அப்ப கொஞ்சம் எந்திரி. பொதுமக்கள்ல நானும் ஒருத்தி, கால் வலிக்குது.

– அந்த ஸ்டூல் இருக்கே... அதாவது, விஷயத்துக்கு வந்துடறேன். நேத்து கூட்டத்துல தீர்மானம் போட்டாச்சு. நாளைலேர்ந்து நீங்க வேலைக்கு வரவேண்டாம்.

– என்னது? நான் என்னப்பா பண்ணேன்?

– கொள்கை விரோதம். எல்லார் முன்னாலயும் என்னைய முதலாளின்னு கூப்பிட்டீங்க.

– காஸ்டிக் தொட்டிய ஆளுக்கொரு முறை கழுவணும்னு நாமதானே முடிவு பண்ணோம்? உன் முறை வரும்போதெல்லாம் உனக்கு வெளியூர்ல மாநாடு. வாய்ல வந்துடுச்சு.

– மாநாட்டுல நான் பேசினதே அந்தத் தொட்டியப் பத்திதான் அண்ணி. என்னா கைதட்டல் தெரியுமா!

– அட போப்பா. 'இங்கு எல்லோரும் முதலாளி'ன்னு கேட்ல எழுதினவன் நீ. அப்ப நான் கூப்பிட்டது எப்படித் தப்பாகும்?

– எல்லாரும் முதலாளி. ஆனா யாரும் முதலாளி இல்ல. அது ஒரு நுணுக்கம். நான் வகுப்பு எடுத்தப்ப நீங்க வரல.

– தொட்டி கழுவிட்டிருந்தேன்.

– நேத்தும் அதுக்குத்தான் உங்கள அனுப்பினோம். சம்பந்தப்பட்டவங்க கூட்டத்துல இருக்கக் கூடாதில்ல.

– பழைய ஆளு கேட்டைப் பூட்டிட்டு ஓடினப்ப, மாசக்கணக்கா வெயில்ல உக்காந்து இத மீட்டோமே. ஒருத்தர் கூடவா எனக்காக வாயத் திறக்கல?

– வாய்க்கு என்ன வேலை அண்ணி? எல்லாரும் கண்ண மூடிட்டுக் கை தூக்கறதுதானே நம்ம வழக்கம். நீங்க கொண்டுவந்தது.

– யாருக்கும் பயப்படாம மனசுல உள்ளபடி தூக்கட்டும்னு கொண்டுவந்தேன்.

– அப்படித்தான் தூக்கினாங்க. துளிகூட பயமில்ல.

– பேக்கிங் அக்காவுமா? அவ பொண்ணு பிரசவத்தப்ப அவ ஷிஃப்டையும் சேர்த்து நான் பாத்தேனே!

– அது ரகசியம். சொல்லக் கூடாது. ரெண்டு கையையும் தூக்கினாங்க, நான் ஒண்ணாத்தான் எண்ணினேன்.

– கண்ணத் திறந்து வச்சிருந்தா ஒரு கை கூட எழுந்திருக்காது. நான் முன்னால நின்னிருந்தா, எல்லாரும் அழுதே இருப்பாங்க. ஆக மொத்தம், அத்தனை கையும் எனக்கு எதிரா?

– ஒரே ஒரு ஆள் தூக்கல.

– யாரு?

– ரகசியம் அண்ணி.

– தம்பி!

– ...நம்ம அண்ணன்தான்.

– உங்க அண்ணனா? என் வீட்டுக்காரரா?

– ஆமா.

– அட கடவுளே. கூட்டத்துல என்ன முடிவாச்சுன்னு ராத்திரி கேட்டேன். தெரியலன்னுட்டாரு. நான் தாங்க மாட்டேன்னு மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டிருந்திருக்காரு பாரு.

– அதாவது அண்ணி...

– உங்கம்மா என்னைய என்ன பேசினாலும் வாயத் திறக்காத மனுஷன். இத்தனை பேர் நடுவுல எனக்காக நின்னிருக்காரு. போதும் தம்பி, வேற எதுவும் வேண்டாம். நாங்க ரெண்டு பேருமே போறோம். வீட்டுக்குப் பின்னால ஒரு கொப்பரை வச்சா சோப்பு காய்ச்சலாம். ரெண்டே பேர், ரெண்டு பேரும் சமம். அவரும் நாளைலேர்ந்து வரமாட்டாரு.

– அண்ணனா? ஐயோ, பாய்லருக்கு வேற ஆளே இல்ல! அவசரப்படாதீங்க. அவர ஒரு வார்த்தை கேட்டீங்களா?

– அத்தனை பேரும் தூக்கும்போது ஒருத்தர் தூக்கலன்னா, அதுக்கு மேல கேக்க என்னப்பா இருக்கு?

– எண்ணி முடிச்சதும் எல்லாரையும் கண்ணத் திறக்கச் சொன்னேன் அண்ணி.

– சரி?

– அண்ணன் மட்டும் திறக்கல. குறட்டை விட்டுட்டிருந்தாரு.