அமெரிக்கா கேலன்

எனக்கு எழுபத்திரண்டு வயது; ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினேன். நேற்று காலை தண்டையார்பேட்டையில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு பெரியவரும் இளைஞனும், இருவரும் மெக்கானிக்.

“அமெரிக்கா கேலன் சின்னது நைனா,” என்றார் பெரியவர்.

“இன்னாண்ணே சொல்ற? கேலன்னா நாலரை லிட்டர்தானே?”

“அது வெள்ளக்காரன் உட்டுட்டுப் போன கேலன். அமெரிக்காக்காரனுது மூணே முக்கா. ஏன், இன்னா பண்ண?”

“காலைல அமெரிக்கா ஜெனரேட்டருக்கு ஆயில் மாத்துனேன். ரெண்டு கேலன்னு போட்டிருந்துச்சு. ஒம்போது லிட்டர் ஊத்திக்கீறேன்.”

“ஏழரைதான்டா. ஆயில் ஜாஸ்தியாகி, ஸ்டார்ட் பண்ணா சீல் பிச்சிக்கும்.”

“பத்து மணிக்கு மொதலாளி ஸ்டார்ட் பண்ணுவாரே!”

மூன்று முறை போன் போட்டான்; யாரும் எடுக்கவில்லை. சிக்னலில் குதித்து, வந்த வழியே ஓடினான்.

“பாரிமுனைக்கு டிக்கெட் எடுத்துக்கீறான்,” என்றார் பெரியவர்.

நானும் நாலரை என்றுதான் இத்தனை காலம் இருந்தேன். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் எழுதிப் பேத்தியிடம் நீட்டினேன்.

“மூணே முக்கான்னுதான் எழுதிக்கீறேனா, படி கண்ணு.”