குடோனில் ஒரு பெட்டி

— நாம வாங்குனது ரெண்டு பாட்டுப் பெட்டி. போன்ல மூணுல்லா காட்டுது.

— மூணா? எங்கன?

— இங்கன பாருங்க. 'ஹால்'. 'அடுக்களை'. இந்தா, மூணாவது... 'குடோன்'.

— அது... கம்பெனிக்காரன் சும்மா போட்டு வச்சிருப்பான் வடிவு. மாதிரிக்கு. போனை இங்கன கொடு.

— இருங்க. மாதிரிக்குத் தமிழ்லயா போடுவான்?

— ஏளா, இன்னும் ரேடியோவே சேக்கல நான். தூத்துக்குடி, திருநெல்வேலி, இலங்கை... ஒண்ணொண்ணாத் தேடிப் போடணும். சேத்துட்டா ஒரு தட்டு தட்டுனாப் போதும், கரகரன்னு இரையாது. பக்கத்துல உக்காந்து பேசுத மாதிரி கேக்கும். கொடு.

— இலங்கை எங்கயும் ஓடிப் போயிராது. நம்ம குடோனை வித்து ரெண்டு வருசம் ஆச்சு.

— ஆமா. அதுக்கென்ன?

— வித்த குடோன்ல யாருக்குங்க பெட்டி?

— ...

— செந்தூர்பாண்டி அண்ணாச்சின்னா தூத்துக்குடி ரோட்டுல இந்தப் புதுக்கோட்டை பூராவும் தெரியும். ஊருக்கே ஆணியும் பூட்டும் விக்குத மனுசன். வீட்டுக்காரி கேட்டா மட்டும் வாயில பூட்டு.

— பெட்டி வாங்குன பாண்டியராஜ் கடையில மாதிரி காட்டும்போது என் ஈமெயிலைப் போட்டான். அது அப்படியே கிடக்கும்.

— அப்படியா. அப்ப இது என்ன? 'குடோன், இப்போது ஒலிக்கிறது.'

— ...கடையில ஓட விட்டிருப்பான்.

— இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பாண்டியராஜ் கடை பூட்டுன்னு காலையில நீங்கதான சொன்னிய?

— கொடுளா போனை!

— கையப் புடிக்காதிய. பாட்டுப் பேரு கூட இருக்கு. 'குழந்தைகளுக்கான தாலாட்டு, பாகம் இரண்டு.' குடோன்ல இருக்க சாக்குமூட்டையையா தாலாட்டுதாவ?

— வடிவு, நீ நினைக்குத மாதிரி...

— நான் என்ன நினைக்கேன்னு ஒங்களுக்குத் தெரியுமா? ஒரு வருசமா தினம் மதியம் சாப்பிட்டுக் கை கழுவுனதும் அந்த வயரைக் காதுல மாட்டிக்கிட்டு மாடிக்குப் போறிய. கேட்டா 'நியூஸ் கேக்கேன்'ங்கிய. ஒரு மணி நேரம் நியூஸா? இறங்கி வரும்போது கண்ணு செவந்திருக்கு. நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பனா?

— கேக்கல.

— இப்பக் கேக்கேன். எந்த ஊரு? எத்தனை பிள்ளைய?

— ஏளா! அறுபத்தோரு வயசுல நான்...

— வயசைச் சொல்லாதிய. பேரைச் சொல்லுங்க.

— ...வேல்விழி.

— என்னது?

— வேல்விழி. நம்ம மூத்தவ. போதுமா? தூத்துக்குடி திரேஸ்புரத்துல, அவ புருசன் சிலுவை வீட்டு அடுக்களையில இருக்கு அந்தப் பெட்டி. நீ பாத்துட்டா வம்புன்னு 'குடோன்'னு பேரு போட்டேன்.

— நீங்க... அவ அவனைக் கட்டுனதும் திருச்செந்தூர்க் கடல்ல தலை முழுகுன ஆளுல்லா! 'எனக்கு ஒரே மவதான், பொன்செல்விதான்'னு சொந்தக்காரன் அத்தனை பேரு முன்னால ஈர வேட்டியோட நின்னு சொன்னிய!

— சொன்னேன். சொல்லிட்டு மூணு வருசம் இருந்து பாத்துட்டேன். புதுக்கோட்டையில பஸ் ஏறுனா அரை மணி நேரத்துல திரேஸ்புரம். அந்த அரை மணி நேரத்தை என்னால தாண்ட முடியல வடிவு.

— ஒங்க கையால கொடுத்ததை அவ எப்படி வாங்குனா?

— என் கையாலயா? தூக்கி வீசியிருப்பா. சிலுவை பாண்டியராஜ் கடையில ஒரு ஃபேன் வாங்குனான். 'குலுக்கல்ல ஒனக்குத்தான் முதல் பரிசு'ன்னு பாண்டியராஜைச் சொல்ல வச்சேன். அவனே போயி மாட்டிக் கொடுத்துட்டு வந்தான்.

— குலுக்கல்! எத்தனை பேரு சீட்டு போட்டாவளாம்?

— ஒருத்தன்தான்.

— சிரிக்காதிய. எனக்கு வயிறு எரியுது.

— எனக்கு இருக்கது ஒரே ஈமெயிலு. அந்தப் பெட்டிக்கும் அதைத்தான் போட்டேன். இன்னைக்கு இந்தப் பெட்டிக்கும் அதையே போட்டுட்டேன். ரெண்டும் ஒரே வீடுன்னு நினைச்சுக்கிட்டு இது.

— அதுக்காவது தோணிச்சே. சரி, பெட்டி அங்கன பாடட்டும். மதியம் நீங்க காதுல மாட்டிக் கேக்கது என்ன?

— இதுல இண்டர்காம்னு ஒண்ணு இருக்கு. ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்குப் பேசிக்கிடலாம். நான் பேச மாட்டேன். போன் மைக்கை அடைச்சிட்டு... கேப்பேன். அவ்வளவுதான்.

— பெத்த மவ வீட்டை ஒட்டுக் கேக்கியளா?

— தப்புத்தான். ஒரு நாள் கேட்டேன், அப்புறம் நிறுத்த முடியல. பேத்திக்குச் சோறு ஊட்டுவா. அது துப்பும். இவ வைவா. சட்டியில மீன் பொரியும்... இங்கன உக்காந்துக்கிட்டே எனக்கு மணக்கும்.

— பேத்தியா? பொட்டப்பிள்ளையா?

— ஜெபிஷான்னு பேரு. ரெண்டு வயசு ஆகப்போவுது. சோத்தைச் 'சோச்சி'ம்பா.

— ...போடுங்க.

— எதை?

— அந்த இண்டர்காமை. இந்தப் பெட்டியில போடுங்க. நானும் கேக்கணும்.

— வேண்டாம் வடிவு. நீ அழுது கூப்பாடு போட்டுருவ.

— ஒரு வருசமா நீங்க மட்டும் கேட்டிய. எனக்கு ஒரு நிமிசம் கிடையாதா? பெத்தது நானுங்க.

— ...சரி. இரு. மைக்கை அடைச்சிருதேன். இந்தா, அடைச்சாச்சு. ஹால்ல இருந்து குடோனுக்கு. மெள்ளப் பேசு.

— "...வாயைத் தொற. தொறளா. இன்னும் ரெண்டே வாய்..."

— ஐயோ. அவ கொரலு.

— ச்சூ.

— "சோச்சி வேண்டாம். தாத்தா வேணும்."

— "தாத்தா வலை பின்னப் போயிருக்காவ. சாயங்காலம் வருவாவ. இதை உண்டு, தங்கம்..."

— யாரைச் சொல்லுதா?

— சிலுவையோட அப்பாவை. அந்தப் பிள்ளைக்கு அவரு ஒருத்தருதான் தாத்தா. ஒரு வருசமாக் கேக்கேன் வடிவு. 'எங்கப்பா'ன்னு ஒரு தடவை அவ வாயில வரல. வைய்யக் கூட மாட்டா.

— கண்ணைத் தொடைங்க.

— என்ன வீம்பு பாரு அவளுக்கு. நான் கோவத்துல முழுகுனேன், சரி. வந்து ஒரு தடவை வாசல்ல நின்னிருந்தா விரட்டியிருப்பனா? மாசமா இருக்கான்னு காதுல விழுந்ததுல இருந்து கடையில உக்காந்து ஒவ்வொரு பஸ்ஸாப் பாத்தேன். தூத்துக்குடி பஸ் நின்னா எந்திரிச்சு நிப்பேன். வரவே இல்லியே!

— மெள்ளங்க...

— நீ ஏன் மூஞ்சைத் திருப்புத?

— ஒண்ணுமில்ல. குக்கர் வச்சேன்... போயி அணைக்கணும்.

— இரு. அங்கன பேச்சையே காணோம். பிள்ளை தூங்கிட்டோ?

— நான் அடுக்களைக்குப் போறேன்.

— இருன்னு சொல்லுதேன்லா... இந்தா, விசிலே வந்துட்டு.

— "அம்மா! குக்கர்!"

— "ச்சூ. அது நம்ம குக்கர் இல்ல."

— ஏங்க! அங்கன கேக்குங்க!

— எப்படி? மைக்கை அடைச்சேனே... போன் மைக்கைல்லா அடைச்சேன். பெட்டியிலயும் ஒரு மைக்கு இருக்கு. ஐயையோ... இவ்வளவு நேரமும்...

— அணைங்க. அணைங்கங்க!

— "...அப்பா?"

— ...

— "அப்பா, நீங்கதானா அது?"

— அணைங்க! நகருங்க, நான் அணைக்கேன்...

— கைய எடுளா! என்னை அப்பான்னு கூப்பிடுதா.

— "வரவே இல்லன்னு சொன்னியளே. நான் வரலியாப்பா? அம்மா பக்கத்துலதான இருக்கா? அவகிட்ட கேளுங்க."

— வடிவு... என்ன சொல்லுதா இவ?

— ...வந்தா. தை மாசம். நிறைமாசமா, வெயில்ல நடந்து வந்து பின்வாசல்ல நின்னா. நீங்க கடையில இருந்திய. மறுநாள் பொன்செல்வியைப் பொண்ணு பாக்க வாரதா இருந்தாவ. இவளைக் கண்டா அந்தச் சம்பந்தம் போயிரும்னு பயந்துட்டேன். 'ஒன் மூஞ்சியில முழிச்சா நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்னு அப்பா சொல்லுதாவ'ன்னு சொல்லி, உள்ள வந்து ஒரு செம்பு தண்ணி குடிக்கக் கூட விடாம அனுப்பிட்டேன். வேல்விழி, அப்பா அப்படிச் சொல்லவே இல்லளா. நானாச் சொன்னது அது... வேல்விழி? வயரைப் புடுங்கிராதளா. நீ எங்கிட்டப் பேச வேண்டாம். அந்தப் பிள்ளையை மட்டும்... அவருக்காக, ஒரே ஒரு தடவை தாத்தான்னு கூப்பிடச் சொல்லு...